ஏரிச் சேற்றுக்கு ஒரு ஜோடி

4 ஜனவரி 1969, சனி

விடியற்காலைப் பனி. ஏரி நிறைந்து கிடக்கிறது. ஆறு மணிக்கே தூண்டிலோடு தண்ணீரில் இறங்கியாயிற்று.

பத்து மணிக்கு வலது ரப்பர் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. காலை இழுத்தேன், வார் பிடுங்கிக்கொண்டு கால் மட்டும் வந்தது. வெறுங்காலை ஊன்றிய இடத்தில் பீங்கான் ஓடு. யார் வீட்டு உடைந்த தட்டோ. உள்ளங்காலில் ஒரு அங்குலத்துக்கு வெட்டு.

அந்த நேரம் பார்த்துத் தக்கை முழுகியது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு எதை இழுப்பது? நல்ல விரால், முழங்கை நீளம் இருக்கும். கோரைக்குள் புகுந்து தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

கேம்ப் ரோடு முழுக்க நொண்டிக்கொண்டே வீடு. தம்பி மனைவி ரோஸ்லின் மஞ்சள் வைத்துக் கட்டினாள். தம்பி ஜெயராஜ் பேப்பரை இறக்காமலே, "இதுக்குத்தான் சொன்னேன்," என்றான். எதுக்கு, எப்போது சொன்னான்? ஒன்றும் சொன்னதில்லை.

இதுவரை போட்டுப் பார்த்தவை:
ரப்பர் செருப்பு: சேறு பிடுங்கிக்கொள்ளும்.
பழைய தோல் செருப்பு: ஊறி உப்பி, மூன்றாம் வாரம் நாற்றம். ரோஸ்லின் கிணற்றடிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.
டயர் செருப்பு: கனம். ஆணி மேலே வருகிறது.
வெறுங்கால்: இன்று பார்த்தாயிற்று.

வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. காலை ஆறிலிருந்து மாலை நாலு வரை நிற்க வேண்டும். களிமண்ணில் வழுக்கக் கூடாது. குதிகால் உரசக் கூடாது. புகுந்த தண்ணீர் வெளியே போக வேண்டும். கழன்று வரக் கூடாது.

6 ஜனவரி, திங்கள்

கால் வீக்கம். ஐந்து பீரியட் நின்றபடி. எட்டாம் வகுப்பில் வட்டி கணக்கு, ஒரு பெண்ணுக்கும் வரவில்லை. எனக்கும் பொறுமை வரவில்லை.

சாயங்காலம் தாம்பரம் கடைத்தெரு, செருப்புக்கடை. "தண்ணில, சேத்துல நாள் முழுக்க நிக்கற மாதிரி ஷூ வேணும்," என்றேன்.

"சாருக்கா மேடம்?"

"எனக்கு."

அந்த ஆள் உள்ளே திரும்பி இன்னொருவனைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் வாயோரம் சிரிப்பு. "லேடீஸ்ல அந்த மாதிரி வராது மேடம். இதப் பாருங்க, புது மாடல்," என்று குதிகால் உயர்ந்த ஒன்றை எடுத்து வைத்தான். தங்க நிற பக்கிள் வேறு.

ஆண்கள் கேன்வாஸ் ஷூ காட்டச் சொன்னேன். உங்கள் சைஸ் இருக்காது என்றான், என் காலைப் பார்க்காமலே. பையன்கள் ஸ்கூலுக்குப் போடும் வெள்ளை ஷூவை நானே அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நீளம் சரி. விரல் பக்கம் நெருக்குகிறது. இருபது வருஷம் கரும்பலகை முன்னால் நின்று அகன்ற கால்.

கடையை விட்டு இறங்கும்போது முதுகுக்குப் பின்னால்: "வாத்தியாரம்மா நாத்து நடப் போகுது போல."

திரும்பிப் போய் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வந்தது இப்போது வரை எரிகிறது.

8 ஜனவரி, புதன்

மேகம். மழை இல்லை. துணி காயவில்லை.

சாப்பாட்டின்போது ஜெயராஜ் ஆரம்பித்தான். சர்ச் சபைக் கமிட்டி தேர்தல் 19ந் தேதி. அவன் நிற்கிறான்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு ஏரிப் பக்கம் போகாத."

"ஏன்?"

"ரெண்டு பேர் எங்கிட்டயே கேட்டாங்க. உங்க அக்கா டீச்சர்தானே, பொடவையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஏரியில நிக்கறாங்களாமேன்னு. எனக்கு எப்படி இருக்கும்?"

சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். அப்பா தவறியபோது எனக்குப் பத்தொன்பது, இவனுக்கு ஒன்பது. டீச்சர் ட்ரெயினிங் முடிய இன்னும் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் சட்டியில் விழுந்தது அந்த ஏரி மீன்தான். முள் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "இன்னிக்கு மாட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வருவான். அன்றைக்கும் நான் புடவையைத் தூக்கித்தான் சொருகியிருந்தேன்.

இதையெல்லாம் சொல்லவில்லை. "போவேன்," என்றேன். தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன்.

இத்தனைக்கும் சனிக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு. மற்ற ஆறு நாளும் யாருக்கோ.

11 ஜனவரி, சனி

ஏரி இல்லை. காயம் இன்னும் மூடவில்லை. ரயிலேறி மூர் மார்க்கெட்.

மூன்று கடையில் அதே கேள்வி, அதே சிரிப்பு. நாலாவது, பழைய மிலிட்டரி சாமான் குவித்து வைத்திருக்கும் ஒரு பாய். தாடி நரைத்தவர். சண்டை போடும் தயாரிப்போடுதான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். ஏரியில நின்னு மீன் பிடிக்க."

"உக்காரு. கால நீட்டு."

அவ்வளவுதான். சிரிக்கவில்லை. "எத்தினி அவர் நிப்பே? தரை மணலா, களியா? முழங்காலு வரிக்கும் தண்ணியா?" ஒரு டாக்டர் கேட்பது மாதிரி கேட்டார். குவியலுக்குள் கையை விட்டு ஒரு ஜோடி கேன்வாஸ் பூட்ஸை எடுத்தார். பச்சை. கணுக்கால் வரை ஏறுகிறது. அடியில் கட்டை கட்டையாக ரப்பர்.

"கம் பூட்ஸ் கேக்காதே. மேலால தண்ணி பூந்துச்சுன்னா குடத்தக் கால்ல மாட்டிகினு நடக்கற மாதிரி. இது கேன்வாசு, வுள்ள பூந்த தண்ணி வெளிய பூடும். கால் அளவுக்கு ஒரு சைஸ் பெருசா எடு. கம்பளி சாக்ஸ் போட்டுக்கோ, பருத்தி வாணாம், நனைஞ்சா தோல உரிச்சிடும்."

உள்பக்கம் வளைவில் இரண்டிரண்டு ஓட்டை குத்தி, பித்தளை வளையம் அடித்துக் கொடுத்தார். தண்ணீர் போகும் வழி.

நடந்து பார்த்தேன். உள்ளங்கால் முழுக்க ஒரே மாதிரி தரையில் படுகிறது. இப்படி ஒன்று இருக்கிறது என்று இவ்வளவு நாள் யாரும் சொல்லவில்லையே. ரயிலில் சந்தோஷத்தை விட ஆத்திரம்தான் அதிகம். ஒரு கேள்வி கேட்டு ஒரு காலைப் பார்த்தால் முடிகிற காரியம்.

12 ஜனவரி, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு, கொல்லையில் ஈர சாக்ஸோடு பூட்ஸைப் போட்டு ஒரு மணி நேரம் நடை, பழக்குவதற்கு. ரோஸ்லின் துணி உலர்த்திக்கொண்டே சிரித்தாள். பிறகு, "கனமா இருக்காக்கா?" என்றாள். இல்லை என்றேன். ஜெயராஜ் ஜன்னலில் நின்று பார்த்தான். அவன் பேசாமல் இருந்தால் நல்லதில்லை.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல் விடுமுறை. ஆறிலிருந்து நாலரை வரை ஏரி. வெயில் இதமாக.

பூட்ஸ் பற்றி: வழுக்கவில்லை. சேற்றிலிருந்து கால் எடுத்தால் பூட்ஸும் கூட வருகிறது. பத்தரை மணி நேரம் நின்றும் இடுப்பு வலி இல்லை, இத்தனை வருஷத்தில் முதல் தடவை. குறை: கயிற்று நுனியில் பாசி சுற்றுகிறது, உள்ளே சொருக வேண்டும். இடது குதிகால் லேசாக உரசல். இன்னொரு சாக்ஸ் போட்டால் சரியாகும்.

இரண்டு விரால், ஏழெட்டு ஜிலேபிக் கெண்டை. கரை மேல் சைக்கிளில் போன இரண்டு பேர் நின்றார்கள்.

"இன்னாடா அது, மிலிட்டிரிக்காரனா?"

"இல்லடா, பொம்பள. டீச்சர் கணக்கா கீது."

பார்த்துவிட்டுப் போகட்டும்.

16 ஜனவரி, வியாழன்

பூட்ஸ் இல்லை.

கொல்லைச் சுவரில் காய வைத்திருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் இல்லை. திருட்டு என்று நினைத்து அக்கம்பக்கம் எல்லாம் விசாரித்தேன். ரோஸ்லின் என் முகத்தைப் பார்க்காமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஜெயராஜ் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றியபடி சொன்னான். "நான்தான் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"இல்லாதவங்களுக்கு. நல்ல காரியம்தானே."

"என் செருப்ப எடுத்து நீ நல்ல காரியம் பண்ணுவியா?"

"அக்கா, எலெக்‌ஷன் முடியட்டும். உனக்கு நல்ல சாண்டல்ஸ் வாங்கித் தரேன்."

"அந்த ஏரி மீன்லதான்டா நீ வளந்த."

"அத எத்தன நாளைக்குச் சொல்லிக் காட்டுவ?"

இதற்கு முன் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இன்றுதான் முதல். சாப்பிடவில்லை.

18 ஜனவரி, சனி

ஜெயராஜின் கறுப்புத் தோல் ஷூவைப் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

முன்கூட்டித் திட்டம் போட்டதில்லை. வாசலில் பாலிஷ் போட்டு வைத்திருந்தான், நாளைத் தேர்தலுக்கு. கம்பளி சாக்ஸோடு சரியாகப் பொருந்தியது. அப்படியே நடந்துவிட்டேன்.

மீன் பிடிக்க அதைவிட மோசமானது உலகத்தில் கிடையாது. தோல் அடி, களிமண்ணில் எண்ணெய் தடவிய மாதிரி. இரண்டு தடவை விழுந்தேன். எட்டு மணிக்கே ஊறி, ஒன்பது மணிக்குக் குதிகால் தோல் உரிந்தது. ஆனாலும் நாலு மணி வரை நின்றேன். ஒரு மீன் கூட இல்லை. மீனுக்காக நிற்கவும் இல்லை.

திரும்பி வந்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன். சேறு, பாசி, எல்லாவற்றோடும். ஜெயராஜ் பார்த்தான். அடிக்க வருவான் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

வருத்தம் இல்லை. கால்தான் எரிகிறது.

19 ஜனவரி, ஞாயிறு

ஜெயராஜ் ரப்பர் செருப்போடு கோயிலுக்கு. நான் பின்னால், நொண்டிக்கொண்டு.

வாசலில் மணி அடிக்கும் மாசிலாமணி. கயிற்றை இழுக்கும்போது வேட்டிக்குக் கீழே பார்த்தேன். பச்சை பூட்ஸ். பித்தளை வளையம்.

கேட்டு வாங்கிவிடுவது என்றுதான் நேராகப் போனேன். என்னைக் கண்டதும் அவரே, "தம்பி சார் குடுத்தாரும்மா. உங்க வூட்டுப் பழசுன்னாரு. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சி ராத்திரி வரிக்கும் நின்னுகினே கீறேன், கால்ல ஒண்ணுமே தெரியலம்மா," என்றார். அந்தக் கால்களை எனக்குத் தெரியும். குதிகால் வெடிப்பில் ரத்தம் கசியும். பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்திருக்கிறேன்.

எப்படிக் கேட்பது? "பூட்ஸ் கயித்து நுனிய உள்ள சொருகிக்கங்க," என்று மட்டும் சொன்னேன்.

ஆராதனை முடிந்து ஓட்டு. ஜெயராஜ் ஜெயித்துவிட்டான். வேப்பமரத்தடியில் கமிட்டிக்காரர்கள் சுற்றி நின்று கை குலுக்கினார்கள். பொருளாளர், பெரிய மனிதர், என்னைக் கூப்பிட்டார். "உங்க தம்பி பண்ணினதப் பாத்தீங்களா டீச்சர்? யாருக்காவது இது தோணிச்சா? பூட்ஸ் வாங்கிக் குடுத்திருக்கார் மாசிலாமணிக்கு."

ஜெயராஜ் தரையைப் பார்த்தான். இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"அது என் பூட்ஸ் சார். மூர் மார்க்கெட்ல நான் வாங்கினது. ஏரியில நின்னு மீன் பிடிக்க. என்னைக் கேக்காம எடுத்துக் குடுத்துட்டான்."

"நீங்களா... மீனா?"

"கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்ல விரால் குழம்பு ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே. யார் பிடிச்சதுன்னு நெனச்சீங்க?"

பொருளாளர் மனைவி குனிந்து என் காலைப் பார்த்தாள்.

மாசிலாமணிக்கு இது காதில் விழவில்லை. உள்ளே பெஞ்சு அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஒன்றுதான் ஆறுதல்.

22 ஜனவரி, புதன்

மூன்று நாளாக ஜெயராஜ் என்னிடம் பேசவில்லை. நானும். ரோஸ்லின் நடுவில் இரண்டு பக்கமும் சாப்பாடு போடுகிறாள். பள்ளியில் அரைநாள் லீவு. ரயில். மூர் மார்க்கெட்.

பாய்க்கு நினைவிருந்தது. "இன்னாம்மா, பத்து நாள்ல கிழிச்சிட்டியா?"

"தம்பி தானம் பண்ணிட்டான்."

மறுபடி குவியலைக் கிளறினார். அதே மாதிரி இல்லை, காக்கி நிறத்தில் ஒன்று. அடி இன்னும் தடிமன். ஓட்டை குத்தித் தந்தார். பூட்ஸ் நாக்கின் உள்பக்கம் மார்க்கிங் மையால் என் முழுப்பெயரும் எழுதச் சொன்னேன், பெரிய எழுத்தில்.

24 ஜனவரி, வெள்ளி

ரோஸ்லின் தூது. ஞாயிறு மத்தியானம் புதுக் கமிட்டிக்கு வீட்டில் விருந்து. "விரால் கிடைச்சா நல்லா இருக்கும்னு சொல்றாருக்கா. பொருளாளர் கேட்டாராம்."

"அவனே வந்து கேக்கட்டும்."

கேட்க வரவில்லை.

25 ஜனவரி, சனி

தெளிந்த வானம். குளிர்ந்த தண்ணீர். புது பூட்ஸ் நன்றாக இருக்கிறது, பழையதை விடவும். உரசல் இல்லை.

ஐந்து விரால். ஒரே நாளில் இத்தனை என் ஆயுசில் கிடையாது. நாலு மணிக்குக் கோரையில் கோர்த்துக்கொண்டு நேராகக் கோயில் பின்னால் மாசிலாமணி வீடு. அவர் மனைவி முறத்தை நீட்டினாள். எல்லாவற்றையும் போட்டேன்.

"அல்லாமேவா? தம்பி சார் வூட்ல நாளைக்கு விருந்துன்னாங்களே."

"அவங்க கடையில வாங்கிக்குவாங்க."

வீட்டுக்கு வந்தபோது ஜெயராஜ் வாசலில். என் கையைப் பார்த்தான், வெறுங்கை. பிறகு காலைப் பார்த்தான். "அக்கா," என்றான். நானும் நின்று பார்த்தேன். பேசட்டும் என்றுதான் நின்றேன். பேசவில்லை.

பூட்ஸைக் கழுவிக் காய வைத்தாயிற்று. கொல்லையில் இல்லை. முன்வாசல் படியில், நாளை விருந்துக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிடும் இடத்தில், நட்டநடுவே.