நடு சீட்டுக்கு மட்டும் இல்லாத ஹெட்ரெஸ்ட்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? உம்மாவும் தம்பியும் சுகமா? ராமநாதபுரம் விடுதியில் நான் நலம், கவலை வேண்டாம்.

நீங்கள் வாங்கப்போகிற மின்சாரக் காரை ஞாயிற்றுக்கிழமை என் அறைத்தோழி கோகிலாவின் அப்பாவோடு ஷோரூமில் பார்த்தேன். பின்சீட்டின் நடுவில் மட்டும் தலையையும் கழுத்தையும் தாங்கும் ஹெட்ரெஸ்ட் இல்லை. துபாயில் குத்தூஸ் மாமா ஓட்டும் இதே காரில் இருக்கிறதே என்று விற்பவரிடம் கேட்டேன்.

"அது அங்கன விக்கிற மாடலு பாப்பா. நடுவுல சின்னப் பிள்ளதான உக்காரும்?"

"அந்தச் சின்னப் பிள்ள நான்தாண்ணே. எனக்குக் கழுத்து இல்லையா?"

"இம்புட்டுப் பெரிய வண்டி! மோதுனா எதிர்ல வாரவனுக்குத்தான் சேதாரம்" என்று சிரித்தார்.

எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. எதிரில் வரும் ஆட்டோவில் இருப்பவர்கள் மனிதர்கள் இல்லையா? பின்னால் லாரி இடித்தால், பெரிய வண்டி என்பதற்காக என் கழுத்து தப்பிவிடுமா? கடல் தாண்டிய பிள்ளைகளுக்கு மட்டும்தான் கழுத்தா?

முன்பணம் கட்டாதீர்கள் வாப்பா. எல்லா சீட்டுக்கும் ஹெட்ரெஸ்ட் உள்ள சின்னக் கார் போதும்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை என்னை அழைத்துப்போக பஸ்ஸிலேயே வாருங்கள். பாம்பன் பாலம் வரும்வரை உங்கள் தோளில் தலை சாய்த்துக்கொள்வேன். சாப்பாட்டு மணி அடிக்கிறது.

உங்கள் மகள்,
அஃபீஃபா