வாசல் நிலைக்கு அடியில் இருந்தது

12 ஜூலை 2006, புதன்

கவரைப்பேட்டையில் ஒரு வீட்டுச் சுவருக்குள் இருப்பதை மைக்ரோவேவ் கருவியால் படம் பிடித்துக் காட்டப் போயிருந்தேன். அப்பா நகையை எங்கோ சுவரில் புதைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார் என்பது அந்த வீட்டு அண்ணன் தம்பியின் நம்பிக்கை. திரையில் வாசல் நிலைக்கு அடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. உலோகம்தான் என்றேன்.

"டேய், நெலை வெச்சப்போ பூசை பண்ணி நான் போட்ட பஞ்சலோகம்டா அது," என்றாள் அவர்கள் அம்மா.

"நீ சும்மா இரும்மா. மிஷினு பொய் சொல்லுமா? இன்னா சார்?" என்றான் பெரியவன்.

சொல்லாது என்றேன். கடப்பாரை போட்டு, கதவோடு நிலையைப் பெயர்த்துத் தெருவில் சாய்த்தார்கள். பஞ்சலோகத் துண்டு கிடைத்தது. கருவி சரியாக வேலை செய்கிறது. நாளைக்குச் சமையலறைச் சுவரையும் பார்க்க வேண்டுமாம். வருகிறேன் என்று கிளம்பினேன்.

"போம்போது கதவ சாத்திக்கினு போ நைனா," என்றாள் அந்த அம்மா.