நாமு சொல்ல ஓர் ஆள்

பிப்ரவரி 3, திங்கள். செகு நகரம்

சிரிமான் தொலைந்தான். நல்லது. என் மனைவி நகானியின் தம்பியாயிற்றே என்று இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார வைத்தேன். விழாச் சபையில் நான் வீட்டாரின் குலப்பெருமை பேசுவேன்; பரம்பரைத் தொழில். வரிக்கு வரி அவன் ‘நாமு’ என்பான். ஆமாம், உண்மைதான் என்று உம் கொட்டும் வேலை. அதற்கு வாய் போதும், மூளை வேண்டாம். இவன் பெரிய துரை, இவன் பெயரையும் நான் சபையில் சொல்ல வேண்டுமாம்!

“ஆட்டைக் கட்டி வச்சாலும் உன் வேலையச் செய்யும்டா” என்றேன். எழுந்து போய்விட்டான்.

பிப்ரவரி 5

தையல்காரன் பக்காரியைப் பிடித்தேன். வெண்கலக் குரல். ஆனால் நான் வரியை முடிப்பதற்குள் ‘நாமு!’ என்கிறான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா இவனுக்கு? பொறுத்துச் சொல் என்றால், என் அடுத்த வரி தொடங்கும்வரை பொறுக்கிறான். தடியன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோனே வீட்டில் பெயர்சூட்டு விழா. அவன் சொல்லட்டும் என்று நான் நின்றேன்; நான் பேசட்டும் என்று அவன் நின்றான். பிறகு இருவரும் ஒன்றாகத் தொடங்கினோம். “என்னப்பா, தொண்டைல மீன் முள்ளா?” என்றார் ஒரு கிழவர். பெண்கள் சோறு போட எழுந்து போனார்கள். கேட்கத் தெரியாத கூட்டம்.

வரும் ஞாயிறு கூலிபாலி வீட்டுக் கல்யாணம். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டுக்கு நாங்கள்தான் பேசுகிறோம். அங்கேயும் இப்படியானால் வேறொருவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 10

நகானி சொல்கிறாள்: “என் தம்பி நாமு சொல்ற நேரத்துலதான் நீங்க மூச்சு விடுவீங்க.” இவளை யார் கேட்டது?

பிப்ரவரி 12

யாரும் வேண்டாம் என்று முற்றத்தில் தனியாகப் பேசிப் பார்த்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதென்று பக்கத்து வீட்டில் நினைத்திருப்பார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி

தொழுகை முடிந்து சிரிமான் வீட்டுக்குப் போனேன். சமாதானம் பேச அல்ல. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க. வாசலில் கரி அடுப்பில் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“நன்றி கெட்டவனே!”

“நாமு” என்றான், கெட்டிலைப் பார்த்தபடி.

“உங்கப்பன் காராமணி தின்னி! உன் தாத்தன் காராமணி தின்னி!” எங்கள் ஊரில் கேலிக்குச் சொல்லும் பழைய வசவு அது.

“நாமு.”

அதற்குப் பிறகு சொல் தானாக வந்தது. அவன் முன்னோர் ஏழு பேரையும் இழுத்துப்போட்டுத் திட்டினேன், ஓரிடத்திலும் இடறவில்லை. திரும்பினால் தெரு முழுக்க ஆட்கள். ஒருத்தி கைதட்டுகிறாள்! கடங்காரன் சிரிமான் சிரிக்கிறான்.

“டீ குடிங்க மச்சான். தொண்ட காஞ்சிருக்கும்.”

குடித்தேன். சர்க்கரை அதிகம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கூலிபாலி வீட்டில் பொழுது சாயும்வரை பேசினேன். பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நடுவில் சிரிமானின் பெயரையும் சொல்லி வைத்தேன், போகட்டும் என்று. அந்த வரிக்கு மட்டும் அவனுக்கு வாய் எழவில்லை. சபைதான் நாமு சொன்னது.