அட்டை போடாதீங்க சார்

அஞ்சலட்டை எண்: 3
செஞ்சி
19.1.2026

அன்புள்ள இளவரசன் அவர்களுக்கு,

வீட்டில் அனைவரும் நலமா? இதில் மூன்று குறிப்புகள்:
1. நீங்கள் வராத காரணம்
2. வர வேண்டிய அவசியம்
3. இந்த அட்டை

ஒன்று: நேற்று அமாவாசை. மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் பஸ் கிடைத்திருக்காது என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் முந்தைய இரண்டு ஞாயிறும் நீங்கள் வரவில்லையே. பாதியில் நிற்பவர்களுக்குத் திருந்தும் ஆர்வம் குறைந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

இரண்டு: அடிதடி வழக்கில் சிறைக்குப் பதிலாகக் கிடைத்த பன்னிரண்டு வார வகுப்பு இது. நின்றுவிட்டால் வழக்கு மறுபடி நீதிமன்றம் போகும். முப்பதாம் தேதிக்குள் நான் அறிக்கை தர வேண்டும்.

மூன்று: நீங்கள் வரும்வரை வாரம் ஓர் அட்டை போடுவேன்.

தங்கள் நலம் நாடும்,
தனகோட்டி
நன்னடத்தை வகுப்புத் தொண்டர்


தொண்டூர்
23.1.2026

மரியாதைக்குரிய சாருக்கு இளவரசன் வணக்கம்.

அட்டை போடாதீங்க சார். தபால்காரர் டீக்கடையில குடுத்துட்டுப் போயிடுறாரு. எல்லாரும் படிச்சப்புறம்தான் வீட்டுக்கு வருது. "இன்னாடா, வாத்தியார் வீட்டுப்பாடம் குடுத்துட்டாரா?"ன்னு சிரிக்கிறாங்க. அதைத் தாங்கிக்குவேன்.

மொத வாரம் எம் பொண்ணு அனுவுக்குக் காய்ச்சல்னுதான் வரல. அதுக்கு நீங்க போட்ட மொத அட்டைய அதுதான் வாங்கியாந்துது. ஆறாவது படிக்குது. ஞாயித்துக்கிழமை சென்ட்ரிங் வேலைக்குப் போறேன்னு சொல்லி வெச்சிருந்தேன். சத்தமா படிச்சிட்டு, "நைனா, யார அடிச்ச?"ன்னு கேட்டுது. இன்னா சொல்றது சார்? இப்ப நான் சட்டை மாட்டினாலே மூஞ்சியப் பாக்குது. பஸ் ஏற கால் வரல.

வகுப்பு புடிக்கும் சார். கோவம் வந்தா பத்து வரைக்கும் எண்ணச் சொன்னீங்களே, டீக்கடையில எண்ணிக்கிட்டுதான் உக்காந்திருந்தேன்.

இப்படிக்கு,
இளவரசன்


செஞ்சி
27.1.2026

அன்புள்ள இளவரசன் அவர்களுக்கு,

இதை உறையில் வைத்து ஒட்டியிருக்கிறேன். வெளியே என் பெயர் இல்லை.

அறிக்கையை இன்றே கொடுத்துவிட்டேன். நீங்கள் வராததற்கு என் அட்டைகளே காரணம் என்று எழுதினேன். நன்னடத்தை அலுவலர் அதை இரண்டு முறை படித்தார். விட்ட வாரங்களைச் சேர்த்து முடிக்க ஒப்புக்கொண்டார். ஞாயிறன்று வாருங்கள்.

அனுவுக்கு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. யாரை அடித்தீர்கள் என்பதோடு, டீக்கடையில் எண்ணியதையும் சொல்லலாமோ?

பழைய பதிவேட்டைப் புரட்டினேன். சென்ற ஆண்டு பாதியில் நின்றவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் அட்டை போட்டிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் ஏழு முறையும் 'ஆர்வமின்மை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

என் முதல் குறிப்பு தவறு.

தனகோட்டி