இத்தா எந்தத் தேதியிலிருந்து

ஜனவரி 9
நவுஷாத் மச்சான் இன்று கடலுக்குத் திரும்பினார். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக்கில் வெல்டர். இருபத்தெட்டு நாள் அங்கேதான். காலையில் போன்: "ஹெலிகாப்டர்ல ஏறப் போறேன் ஜெபீ. துண்ட வூட்லயே வுட்டுட்டேன்." தலையை மறக்காமல் கொண்டு போனாரே, அதுவே பெரிசு. கல்யாணமானதிலிருந்து கரியாலூர் அருவிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி இந்த லீவிலும் ஏமாற்றிவிட்டார். கோபத்தில் சரியாகப் பேசவில்லை. துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டேன்.

ஜனவரி 10
ஹெலிகாப்டர் கடலில் விழுந்துவிட்டதாம். நேற்றே.

ஜனவரி 19
ஹெலிகாப்டரில் ஏறியவர்கள் ஒன்பது பேர். ஏழு உடல்கள் கிடைத்தன. மச்சானோடு வேலை செய்யும் மணலூர்பேட்டை பழனி அண்ணன் காலொடிந்து பிழைத்தார். மச்சான் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை.

பள்ளிவாசல் அஜ்ரத் வந்தார். திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். "ஒடம்பு கெடைக்கல, பாத்த சாட்சியும் இல்ல. மவுத்துன்னு உறுதியாகாம இத்தா இருக்கச் சொல்ல முடியாதும்மா. பொறுமையா இருங்க."

புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் இத்தா; வெளி ஆம்பளைகள் கண்ணில் படாமல் அறையோடு இருந்து அழலாம். எனக்கு அதுவும் இல்லை. கழுத்தில் கல்யாணத்தன்று கட்டிய கருகமணி கிடக்கிறது. மாமி அதைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்புவதுமாக இருக்கிறார்.

பிப்ரவரி 22
விசாரணை அதிகாரி போன் செய்தார். ஹெலிகாப்டரைக் கடலிலிருந்து தூக்கிவிட்டார்களாம், உள்ளே மச்சான் இல்லையாம். "உங்க கணவர் சீட்டோட பெல்ட் அறுந்து போகலம்மா. கையால கழட்டியிருக்கு. அவருக்கு நீந்தத் தெரியுமா?"

தெரியுமாவா! கோமுகி வாய்க்காலே கதி என்று வளர்ந்த மனுஷன். ட்ரெயினிங்கில் இவர்களை ஒரு பெட்டியில் உட்கார வைத்துத் தண்ணீரில் கவிழ்ப்பார்களாம். கட்டிலில் உட்கார்ந்து எனக்கு நடித்துக் காட்டுவார். பெல்ட்டைக் கழற்று, ஜன்னலைத் தள்ளு, வெளியே போ. "போனவன் திரும்பி உள்ள வரக் கூடாது ஜெபீ. அதான் ரூல்."

அப்படியானால் வெளியே வந்திருக்கிறார். வந்துதானே இருக்க வேண்டும்?

மார்ச் 31
நோன்புப் பெருநாள். வருகிறவர்கள் துக்க வீட்டு முகத்தோடு வந்து, என் கழுத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறார்கள். வாழ்த்தவும் வாய் வரவில்லை, ஆறுதல் சொல்லவும் வரவில்லை. அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் யாரு இப்ப? யாராவது சொல்லுங்களேன்.

ஏப்ரல் 17
பழனி அண்ணன் இன்றும் போனை எடுக்கவில்லை. எட்டாவது முறை.

மே 20
மாமா பாத்திரக்கடையைச் சாத்திவிட்டு என்னை பஸ்ஸில் மணலூர்பேட்டைக்குக் கூட்டிப் போனார். பழனி அண்ணன் காலை நீட்டிப் படுத்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணே, அவுரு வெளிய வந்தாரா?"

"வந்தாரும்மா."

நான் இன்னும் கிட்டே போனேன்.

"வந்துட்டாரு. என் பெல்ட்டு மாட்டிக்கினு அவுரல. அதப் பாத்துட்டுத் திரும்ப உள்ள வந்தாரு. கழட்டி, என்ன ஜன்னலாண்ட தள்ளி வுட்டாரு. அதுக்குள்ள முங்கிடுச்சு. நான் மேல மெதந்துகினே பாத்தன். அவுரு வரல."

"விசாரணையில இத ஏம்பா சொல்லல?" என்றார் மாமா.

"சொன்னா இவங்க மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?"

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெற்ற மகனைப் பறிகொடுத்தவருக்கு அது முடிந்தது. எனக்கு முடியவில்லை. "விசாரணைக்காரங்க கிட்ட சொல்லிடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

ரூல் தெரியும்ல உனக்கு? எனக்கே சொல்லிக் குடுத்தியே. அப்பறம் இன்னாத்துக்குத் திரும்பிப் போன மச்சான்?

ஜூன் 19
விசாரணை அறிக்கை வந்துவிட்டது. கியர் பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது. பழனி அண்ணன் சாட்சி சொல்லியிருக்கிறார். மச்சான் இறந்த தேதி ஜனவரி 9.

உள்ளறையைக் கழுவி, பாய் விரித்து வைத்தேன். கருகமணியைக் கழற்றி அவர் துண்டில் முடிந்தேன். இனி அழலாம். அஜ்ரத் வந்ததும் மாமாதான் கேட்டார், இன்றிலிருந்து எண்ணலாமா என்று.

அஜ்ரத் விரல்விட்டுப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "மவுத்தான தேதியிலருந்துதாம்மா கணக்கு. சேதி தெரியாட்டியும் நாள் ஓடிக்கினுதான் இருக்கும். ஒங்க இத்தா போன மாசமே முடிஞ்சிடுச்சு."

மச்சான் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த நாட்கள்தான் என் இத்தாவாம். மணலூர்பேட்டைக்கு பஸ் ஏறியபோதே எல்லாம் முடிந்திருந்தது. இனி நான் எங்கே வேண்டுமானாலும் போகலாமாம்.

ஜூன் 20
எங்கும் போகவில்லை. உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருக்கிறேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு மாமி டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். வாசலில் கேஸ் சிலிண்டர்காரன் குரல் கேட்டது. மாமி எழுந்து போய், அறைத் திரையை இழுத்து மூடினார்.