கோடு போட்ட வானம்

அன்பு மகளே,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். சளி விட்டதா, அறையில் ஹீட்டரைச் சரிசெய்ய ஆள் வந்தானா. அடுத்த வரியில் நாங்களும் நலம் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை அந்த வரி வரவில்லை. முதலில் உட்கார்ந்துகொள். பயப்பட வேண்டியதையெல்லாம் நானும் அம்மாவும் பயந்து முடித்துவிட்டோம், இப்போது மிச்சம் இருப்பது அலுப்புதான்.

பார்சலில் இதற்குக் கீழே இருக்கும் போர்வையை இன்னும் விரிக்கவில்லை என்றால், படித்த பிறகு விரி. விரித்துவிட்டாய் என்றால் உனக்கே தெரிந்திருக்கும், அது அம்மாவின் தையல் இல்லை. துண்டுகளை வெட்டி இணைத்தது அம்மா. மேலே ஓடுகிற நூல் என்னுடையது. ஏன் என்று சொல்ல ஐந்து மாதம் பின்னால் போக வேண்டும். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று ஆறு நாள் உன்னோடு பேசாமல் இருந்தோமே, போன் விழவில்லை. முதல் நாள் காலையில் அம்மா அடுப்படியில் டம்ளரை எடுத்தாள், அது நழுவியது, குனிந்தாள், எழவில்லை. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு என்றார்கள். இரண்டாம் நாள் பேச்சு திரும்பியது, திரும்பியதும் சொன்ன முதல் விஷயம் உன்னிடம் சொல்லக்கூடாது என்பது. அவ இப்பதான் வேலைல சேர்ந்திருக்கா, ஆறு மாசம் முடிஞ்சாத்தான் நிரந்தரம், இப்ப லீவு கேட்டா அதோட சரி, வாயைத் திறந்தீங்கன்னா பாருங்க என்றாள். தன் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும்போது என் வாயை மிரட்டினாள். கால் தேறிவிட்டது, நடக்கிறாள், மாடிப்படிகூட ஏறுகிறாள். வலது கைதான். தோளிலிருந்து அசைகிறது, விரல் மூடவில்லை. வீடியோவில் போனை எப்போதும் நானே பிடித்துக்கொண்டது அதனால்தான். அம்மா கையைச் சால்வைக்குள் வைத்திருந்தாள். இங்கதானே குளிரு, உனக்கெதுக்கும்மா சால்வை என்று நீ கேட்டாய், ஃபேஷன்டி என்றாள் அவள், நீ சிரித்தாய். போனை வைத்த பிறகு நாங்கள் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

போர்வை அதற்கு முன்பே, நீ அங்கே படித்துக்கொண்டிருந்தபோதே ஆரம்பித்தது. நீ போனில் உன் ஜன்னலைக் காட்டும்போதெல்லாம் ஆடாம பிடிடி என்பாளே, ஊர் பார்க்கும் ஆசை என்று நினைத்திருப்பாய். அவள் திரையில் தெரிவதைப் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். ஒன்பது கட்டம், ஒன்பதிலும் உன் ஜன்னல். இலை இல்லாத மரம், அதே மரம் இலையோடு, எதிர்க் கட்டடத்தின் சிவப்புக் கதவு, மழை நாளில் ஒன்றும் தெரியாத சாம்பல் நிறம். சாம்பல் என் பட்டறைச் சட்டை, வானம் உன் பள்ளிச் சீருடை. மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழ்த்துணி, மூன்றையும் அடுக்கி முந்நூறு ஊக்கு குத்தி வைத்திருந்தாள். மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் பாக்கி. அந்த வாரம் டம்ளர் விழுந்தது. நீயோ வாராவாரம் போர்வை முடிந்ததா, ராத்திரி பல் கிட்டுகிறது என்று கேட்கிறாய். அவளும் இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்கிறாள். இடது கையால் ஒரு வாரம் முயன்றாள். துணி ஒரு கைக்கு நகரவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

நாற்பது வருஷம் பட்டறையில் இரும்பு கடைகிற லேத்தில் நின்றவன் நான். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடத் தெரியும், அவ்வளவுதான். சாதாரணத் தையல் என்றால் ஊசிக்குக் கீழே இருக்கிற பல் துணியைத் தானே இழுத்துக்கொண்டு போகும். இதற்கு அந்தப் பல்லை இறக்கிவிட வேண்டுமாம். துணியைப் பிடிக்க ஆளில்லை, நம் கைதான் அங்கும் இங்கும் தள்ள வேண்டும், கால் மிதிக்கிற வேகமும் கை தள்ளுகிற வேகமும் ஒத்துப்போக வேண்டும். எனக்கு ஒத்துப்போகவில்லை. கை நின்றால் நூல் ஒரே இடத்தில் முடிச்சாகக் குவியும், கை ஓடினால் தையல் விரல் நீளம் போகும். அம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, கால் கல்யாணத்துக்கே போய்ச் சேர்ந்தாச்சு, கை இன்னும் குளிக்கவே போகல என்பாள். பஸ்ஸா ஓட்டறீங்க என்பாள். நீயே வந்து தையேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் காதில் விழுந்தது. ஊசி உடைஞ்சிருக்கு, மாத்துங்க என்றாள் அவள்.

பழைய படுக்கை விரிப்பில் மூன்று வாரம் பழகினேன். அவள் தையல் உனக்குத் தெரியும். வளைந்து வளைந்து போகும், தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாது. எதையும் குறித்துக்கொள்ள மாட்டாள். அது போற இடத்துக்கு விடுங்களேன் என்பாள். போகிற இடத்துக்கு விட்டால் லேத்தில் விரல் போய்விடும், அப்படி வளர்ந்த கை இது. எனக்குக் கோடு வேண்டும். சாக்பீஸால் போட்டேன், துணியைத் தள்ளத் தள்ள உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு அவள் தூங்கினாள். மேஜை டிராயரில் பட்டறைப் பேனா இருந்தது, இரும்பில் குறிக்கிற பேனா. எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் அசையாது. அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். துணியிலும் அசையாது என்று அந்த ஒரு மணி நேரம் தோன்றவே இல்லை, நம்புவாயா. எஃகு ஸ்கேலை வைத்து ஒன்பது ஜன்னலின் வானத்திலும் அரை அங்குலக் கட்டமாகக் கோடு போட்டேன். ஒரு நூல் பிசகவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. டீ போட்டுவைத்துவிட்டு அவள் எழுந்திருக்கக் காத்திருந்தேன்.

எழுந்து வந்து பார்த்தாள். வானத்துக்கு யாருங்க கோடு போடுவாங்க என்றாள். பிறகு பேனாவைப் பார்த்தாள். சோப்பு, ஸ்பிரிட், எலுமிச்சை எல்லாம் ஒரு மூலையில் போட்டுத் தேய்த்தோம். கோடு அப்படியே இருக்கிறது, சுற்றியிருந்த நீலம்தான் வெளுத்தது. அம்மா அழுதாள். ஆஸ்பத்திரியில் அழவில்லை, வீட்டுக்கு வந்தும் அழவில்லை, அன்றைக்கு அழுதாள். என் கையை அவள் ஓட்டி, தன் தையல் போலவே வரவைத்துவிடலாம், ஆறு மாதம் முடியும்வரை உனக்குத் தெரியாமலே போய்விடும் என்பது அவள் கணக்கு. அது போயிற்று. இதை பீரோல வைங்க, அடுத்த வருஷம் கை வந்ததும் வேற தைச்சு அனுப்பறேன் என்றாள்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். நல்ல பெண். நான் கோடு போட்டதற்கு இரண்டு வாரம் முன்னால் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, திரும்பி வர்றது பெரும்பாலும் வந்தாச்சு சார், ஸ்பூன் பிடிப்பாங்க, பட்டன் போடலாம், தையலை மட்டும் எதிர்பார்க்காதீங்க என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்காக உன்னிடம் மறைத்தது ஒன்று, அவளிடமே மறைத்தது ஒன்று. யாரிடம் எதை மறைத்தேன் என்று நினைவு வைத்துக்கொள்வதே ஒரு வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த வேலைகளிலேயே கடினமானது. அடுத்த வருஷம் என்று அவள் சொன்னதும் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெரியும் என்றாள். விரல் என்னோடதுங்க, எனக்குத் தெரியாதா, அந்தப் பொண்ணு மெதுவா பேசறதா நினைச்சுக்குது, தெருமுனை வரைக்கும் கேக்குது என்றாள். அப்புறம் ஆறிப்போன டீயைக் குடித்தாள்.

மறுநாள் காலை மெஷின் மூடியைத் திறந்துவைத்துவிட்டுக் கூப்பிட்டாள். கோட்டு மேலயே தைங்க, கறுப்பு நூல் போடுங்க, மறைக்கிற வேலை வேண்டாம் என்றாள். வானம் போக மிச்ச இடத்துக்கும் கோடு போட்டுப் பதினோரு நாள் தைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. முனை வந்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்திவிட்டுத்தான் திரும்புவேன், அதனால் ஒவ்வொரு முனையும் செங்கோணம். உன் ஜன்னலுக்குக் கம்பி கிடையாது என்று எனக்குத் தெரியும், பொறுத்துக்கொள். ஒன்பதாவது கட்டத்தில், மரத்துக்குக் கீழே, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் கோடு இல்லை. அங்கே ஓடுவது அம்மாவின் இடது கை. நான் மிதிக்க மட்டும் செய்தேன், அதற்கும் திட்டு வாங்கினேன். தையல் இரண்டு இடத்தில் தன்னையே வெட்டிக்கொண்டு போகிறது. பிரிச்சுடுங்க, அசிங்கமா இருக்கு என்றாள். பிரிக்கவில்லை. பிரித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். பார், இன்னும் ஒன்று சேர்ந்துவிட்டது.

கடிதம் எழுதுவதை அவளிடம் சொல்லாமல்தான் உட்கார்ந்தேன். பின்னால் வந்து நின்று இதுவரை எழுதியதைப் படித்துவிட்டாள், பிரிக்காததைச் சொன்ன கடைசி நாலு வரியையும் சேர்த்து. திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வேலை நிரந்தரம் ஆக இன்னும் மூணு வாரம் இருக்கு என்றாள். பார்சல் போய்ச் சேரவே மூன்று வாரம் ஆகும் என்றேன். அதைத் தபால் ஆபீஸில் முன்பே கேட்டு வைத்திருந்தாள் போல, தலையாட்டினாள். வரச் சொல்லி எழுதாதீங்க, வந்துடுவா என்றாள். சரி என்றேன். இரண்டடி போய்த் திரும்பினாள். வர வேணாம்னும் எழுதாதீங்க, வராம இருந்துடுவா.

அதனால் இரண்டையும் எழுதவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், எந்த இடத்தில் இருந்தாலும் எங்கள் இருவர் நினைப்பும் உன்னைச் சுற்றித்தான் இருக்கும், நன்றாக இருப்பாய். போர்வையைப் பச்சைத் தண்ணீரில் தனியாகத் துவைக்க வேண்டுமாம், வெந்நீர் ஆகாதாம், இதை மட்டும் மறக்காமல் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு
உன் அப்பா
(அம்மா பக்கத்தில்தான் நிற்கிறாள்)