ராக்கு பேரனுக்குக் கிடைத்த காலேஜ்

ஆடி 3, சனி

விடிந்ததிலிருந்து மேல்காற்று. வீடெல்லாம் புழுதி. உளுந்து காயப்போட வழியில்லை.

பேத்தி யாழினிக்கு (யா. என்றே எழுதுகிறேன், கை வலி) இன்ஜினியரிங் கவுன்சிலிங். வேண்டிய காலேஜ்களை வரிசையாகக் கம்ப்யூட்டரில் போட வேண்டுமாம். மேலேயிருந்து பார்த்துக்கொண்டே வந்து, எதில் இடம் இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். ஒன்றிலும் இல்லையென்றால் ஒன்றுமில்லை. அப்படி ஆனால் அவள் அப்பன், என் மகன் முருகேசன், அவளுக்குக் கல்யாணப் பேச்சை எடுப்பான். பரமக்குடிக்காரர்கள் ஏற்கெனவே பெண் பார்க்க வந்து காப்பி குடித்துவிட்டுப் போயாயிற்று. காப்பியோடு சரி.

அதனால் கடைசியில் ஒரு காலேஜ், கட்டாயம் கிடைக்கிறதாக. அரசுப் பல்கலைக்கழகம் என்றேன். போன வருஷம் ராக்கு பேரனுக்கு அங்கேதான் கிடைத்தது. ராக்கு என் நாத்தனார், அபிராமத்தில் கட்டிக்கொடுத்தது. அந்தப் பையன் மார்க் எனக்கு மனப்பாடம். தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாள், நம் வீட்டுக்கு வரவில்லை. யா. அவனைவிட எவ்வளவோ மேல். பிறகென்ன.

ஆடி 5, திங்கள்

ராமநாதபுரம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டம்.

முருகேசன் அங்கே வந்து ஒரே பிடி. "கெடைக்கிறத மொதல்ல போடு. கைக்கு வந்தது போயிரும்."

"அப்பா, மேல போட்டா அதத்தான் குடுக்கும். நல்லது வராது," என்று யா.

"எல்லாம் எனக்குத் தெரியும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, மொளகா நடும்போது, பட்டுப்போன எடத்துல ஊன்ற ஒதுக்கிவச்ச நாத்த மொதல்லயா நடுவ?"

சென்டர்காரப் பெண் சிரித்துவிட்டது.

பல்கலைக்கழகம் கடைசியில். "அதுக்குக் கீழ ஒன்னு ரெண்டு போட்டு வைக்கவா அப்பத்தா?" என்றாள் யா. வேண்டாம் என்றேன். அது உறுதி. புதன் சாயங்காலம் வரை மாற்றலாமாம். மாற்ற என்ன இருக்கிறது.

வாங்கியது: வெல்லம், சீயக்காய், யா.வுக்கு ரெண்டு கைக்குட்டை.

ஆடி 6, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. ஹாஸ்டலுக்குப் பெட்டி வேண்டுமே என்று பரணில் தேடினேன். இருந்ததெல்லாம் எலி கடித்த பை.

உடனே ஞாபகம் வந்தது. ராக்கு மருமகன் மிலிட்டரியிலிருந்து வந்தபோது கேன்டீனில் துணிப்பெட்டிகளாக வாங்கி வந்தான். சொந்தத்தில் எல்லா வீட்டுக்கும் ஒன்று. எனக்கு மட்டும், "தீந்துபோச்சு மதினி." அவள் கட்டிலுக்கடியில் நீலப் பெட்டி ரெண்டு. இந்தக் கண்ணால் பார்த்தேன். யா. அப்போது தவழ்கிற பிள்ளை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யா. முகம் மாறிவிட்டது. "அப்பத்தா, அந்தப் பேரனோட அப்பா மிலிட்டரியா? அப்ப அவனுக்கு மிலிட்டரிக் கோட்டாவுல, கம்மி மார்க்குக்கே கெடச்சிருக்குமே. அந்த மார்க்க வச்சு நம்ம எப்புடிப் பாக்குறது?"

பரமக்குடிக்காரன் முகம் கண் முன்னால் வந்து நின்றது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

ஆடி 7, புதன்

ராக்குவுக்குப் போன் செய்தேன். நானாக.

"மதினியா? இன்னைக்கி மழ கொட்டப்போகுது."

"ஒம் பேரனுக்கு மார்க்குல கெடச்சுச்சா, கோட்டாவுல கெடச்சுச்சா? அத மட்டும் சொல்லு."

"ஏன், எம் பேரன் படிக்கலங்கிறியளா? அவுக அப்பா பனியில நின்னு காவல் காத்ததுக்கும் ஒரு மரியாத இருக்குல்ல."

அது போதும். கோட்டாதான். மிட்டாய் கொடுத்தபோது இதைச் சொன்னாளா? என் கணக்கில் தப்பில்லை, அவள் சொன்னதுதான் பாதி.

"யாழினிக்காகக் கேக்குறியளா?" என்றாள். வைத்துவிட்டேன்.

மத்தியான பஸ். அதே சென்டர். பல்கலைக்கழகத்துக்குக் கீழே ரெண்டு தனியார் காலேஜ். யா.வுக்குப் பிடிக்கவில்லை, போட்டாள். நாற்று கொஞ்சம் கூடவே இருக்கட்டும்.

ஆடி 14, புதன்

வந்துவிட்டது!! பல்கலைக்கழகமே. மேலே போட்டது எதுவும் இல்லை, கீழே போட்டதும் தேவைப்படவில்லை. கோட்டா கீட்டா இல்லை, சுத்தமான மார்க்கு. நான் மொதல் நாளே சொன்னது.

முருகேசன் அழுதான். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பரமக்குடிக்கு அவனே போன் செய்து சொல்லிவிட்டான்.

ராக்குவுக்கு நான் சொல்லவில்லை. அபிராமம் பஸ்ஸில் ஏறுகிற ரெண்டு பேரிடம் சொன்னேன்.

ஆடி 17, சனி

உளுந்து காய்ந்தது. ராக்கு பேரன் பைக்கில் வந்தான். பின்னால் கட்டி ஒரு பெட்டி. "அம்மாச்சி குடுத்துவிட்டாக. யாழினி ஹாஸ்டலுக்காம்."

நீலம். கட்டிலுக்கடியில் இருந்ததேதான்.

மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனான். யா. உடனே துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் தூக்கிப் பார்த்தேன். கைப்பிடி ஆடுகிறது.